பதினான்கு நாளில் அழியும் மடல்

பல்கலைக்கழகத்தின் வட்டகொடைக் கிளையில் கணனிக்கூடப் பொறுப்பாளராய்ப் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, 2006 யூன் முப்பதாம் நாள் ஓய்வு பெறும் திருமதி குணபூசணி தம்பிஐயா அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிப்பது.

அன்பிற்கினிய அம்மையீர்! பருத்தித்துறையில் பிறந்து பனிபடர்ந்த மலையில் பணிசெய்தவரே! அதிர்ந்து ஒரு சொல் சொல்லி நாங்கள் அறியாதவரே! எங்கள் வணக்கம்.

உங்களைப் பற்றி எழுத அமர்ந்தபோது, நாங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்ற ஐயம் முதலில் வந்தது. செய்திக்குழுச் சேர்வர் என்ற பெரிய கணனி இங்கே வந்த அன்று பெருமழை என்கிறார் தொழில்நுட்ப அலுவலர் றமணன். வெறும் மூட்டம்தான் என்கிறார் உதவியாளர் நிரூபா. அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை. அநேகமாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆகவே உங்கள் நற்குணங்களை வரிசைப்படுத்துவதை விட்டு, நாங்கள் உறுதியாக அறிந்த ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். அதற்கு றொசல்லைத் தேயிலைத் தோட்டத்து ராக்காயி அம்மாவிடம் அனுமதி கேட்டோம். "படிங்கய்யா. றொசல்லைக்கே தெரிஞ்ச கத, இங்க தெரிஞ்சா என்ன?" என்றார்.

அந்தச் சேர்வர் தலைமை வளாகத்தின் வெக்கையில் அடிக்கடி நின்றுபோனது. வட்டகொடைக் குளிரை நம்பி அதை இங்கே அனுப்பினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதும் மடல்களை அது ஓர் அறிவித்தல் பலகை போல வைத்திருக்கும். எந்த நாட்டிலிருந்தும் திறந்து படிக்கலாம். இடம் போதாததால் எந்த மடலையும் பதினான்கு நாளில் அழித்துவிடும். சேர்வருக்குத் தமிழில் வழங்கி என்று பெயர். அந்தப் பெயர் உங்களுக்கே பொருந்தும் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டதுண்டு.

தொண்ணூற்றேழில் முத்துலிங்கம் என்ற மாணவர் நம்மிடம் படித்தார். ஒருநாள் அவர் மறந்து விட்டுவந்த சோற்றுப் பொதியோடு, கொழுந்து பறித்த உடையிலேயே ரயிலேறி வந்து, அவருடைய தாய் ராக்காயி கணனிக்கூட வாசலில் நின்றார். யார் என்று நண்பர்கள் கேட்டார்கள். "எங்க லயத்துல பக்கத்து வீட்டு ஆளுடா. அம்மா குடுத்து விட்டிருக்காங்க" என்றார் மகன். ராக்காயி பொதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் அதைக் கேட்டபடி உங்கள் கதிரையில் இருந்தீர்கள். அடுத்த மாதம் முத்துலிங்கம் படிப்பை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. நமது செய்திக்குழுவை அங்கிருந்து படிப்பதாக நண்பர் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் ராக்காயி உங்களைத் தேடி வந்தார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டெழுதினீர்கள். அந்தக் கணனி தமிழ் எழுத்தை அறியாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினீர்கள். பிறகு வாசித்துக் காட்டினீர்கள்: "அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது."

"இது யாரு டீச்சரம்மா பேசுறது? எம்புள்ள இத நான்னு நம்ப மாட்டான்."

நீங்கள் சிரித்தீர்கள். முழுவதையும் அழித்துவிட்டு, அவர் பேசுகிறபடியே எழுதினீர்கள். பருத்தித்துறையின் வடமராட்சித் தமிழில் வளர்ந்த உங்கள் விரல்கள், 'வந்துட்டாங்க, போயிட்டாங்க' என்று எழுதப் பழகியது அன்றுதான்.

பதினான்கு நாளுக்கு ஒருமுறை, பழைய மடல் அழியும்போது, புதியது எழுத அவர் வந்தார். கோழி அடைகாத்ததும், கூரைத் தகரம் காற்றில் பறந்ததும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாரோ வழுக்கி விழுந்ததும் மடலுக்கு மடல் மாறின. கடைசி வரி மட்டும் மாறவில்லை: "அன்னிக்கி நீ சொன்னது என் காதுல விழல." அது உண்மையல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினீர்கள்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் சேர்வரை ஓய்வு பெறச்செய்யும் உத்தரவு வந்தது. அதற்கு மாற்று எது என்று கூட்டம் கூடினோம். மின்னஞ்சல் பட்டியல், இணையப் பலகை, வெளி நிறுவனத்தின் இலவசக் குழு என்று றமணன் ஒவ்வொன்றாக விளக்கினார். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"இதிலை எது பதினாலு நாளிலை அழிக்கும்?"

"ஒண்டும் அழிக்காது அக்கா. அதுதானே இதுகளின்ரை சிறப்பே!" என்றார் றமணன். எல்லோரும் சிரித்தோம். இணையப் பலகை தேர்வாயிற்று.

நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்பது அந்த வாரம் ராக்காயி வந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. இனி எழுதினால் அழியாது என்று அவரிடம் சொன்னீர்கள்.

"அழியாதா? அப்ப நான் என்னத்துக்கு டீச்சரம்மா வாறது?"

"நீங்கள் வாங்கோ, ராக்காயி. அழியாட்டிலும் வாங்கோ."

அதன் பிறகு, எங்களிடமும் சொல்லாதிருந்த ஒன்றை அவரிடம் சொன்னீர்கள். சேர்வரின் பதிவேட்டில் படித்தவர் பெயர் விழாது. திறந்த கணனியின் முகவரி மட்டும் விழும். வளைகுடாத் துறைமுகம் ஒன்றின் கணனி, அவருடைய மடல் ஒவ்வொன்றையும் அழியுமுன் ஒருமுறை திறந்திருந்தது. அது யார் என்று உறுதியில்லாததால், வீண் நம்பிக்கை கொடுக்க அஞ்சி மறைத்தேன் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். ராக்காயி சிரித்துவிட்டார்.

"எங்கூட்டுக் கோழிக் கதைய ஒம்பது வருசமா படிக்க வேற யாருக்கு டீச்சரம்மா வேல கெடக்கு?"

பிறகு கடைசி வரியை மாற்றச் சொன்னார். "அன்னிக்கி நீ சொன்னது காதுல விழுந்துச்சு. பரவால்ல. வா." அந்தச் சேர்வரில் நீங்கள் எழுதிய கடைசி மடல் அதுதான். உத்தரவில் குறித்த நாள் கடந்தும் பதினான்கு நாள் முடியும்வரை றமணன் சேர்வரை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டில் அதே முகவரி இருந்தது. வழக்கமாக ஒருமுறை திறக்கப்படும் மடல் அன்று ஏழுமுறை திறக்கப்பட்டிருந்தது.

அம்மையீர்! பிறர் சொல்லைத் தம் சொல்லால் மூடாதவரே! இனி வரும் உங்கள் நாள்கள் நோயின்றி, எதற்கும் அவசரமின்றி, நெடிது நீளட்டும்! யாரும் அழிக்க முடியாத நாள்களாக அவை அமையட்டும்!

சேர்வர் களஞ்சிய அறையில் உறை போர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. புதிய பலகையை றமணன் பார்த்துக்கொள்கிறார். அதில் எந்தக் கணனி திறந்தது என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. நாளை முதல் நிரூபா உங்கள் கதிரையில் அமர்வார். ராக்காயி அம்மா சொல்லச் சொல்ல எழுதுவார். நீங்கள் கொழும்பிலுள்ள மகள் கௌசியிடம் போகிறீர்கள். ராக்காயி அம்மா இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார். மூன்றரை மணி ரயிலுக்கு அவர் புறப்பட வேண்டும். முத்துலிங்கம் இன்னும் பதில் எழுதவில்லை.

இங்ஙனம்,
கணனிக்கூட ஊழியர்கள்,
வட்டகொடைக் கிளை.