மாலை போட்டு எறக்குன ஜீப்பு

அட, ஹாரன் அடிக்காத இசக்கிமுத்து, தெருவே எட்டிப் பாக்குது. ஒங்க சாரு இன்னும் சட்டைய இன் பண்ணி முடிக்கல. செத்த நேரம் உள்ள வந்து உக்காரு. காபியா? இந்த வீட்ல இன்னைக்குக் காபி கெடையாது. மோரு தாரேன், குடி.

மூணு மாசத்துக்கு முன்ன, எங்க வீட்டுக்காரரு ரிட்டயர் ஆன அன்னைக்கு, இதே ஜீப்புலதான மாலையும் கழுத்துமாக் கொண்டாந்து எறக்குன? நான் ஆரத்தி எடுத்தேன், நீகூட கண்ணத் தொடச்சுக்கிட்ட. இப்ப அதே ஜீப்பு தெனமும் வாசல்ல வந்து நிக்கி. வெக்கமா இல்ல? ஒனக்கில்லப்பா, அவருக்கு.

ஆபீஸ்ல ஆள் இல்லையாம்ல! இந்த வருசம் இம்புட்டுப் பேரு ரிட்டயர் ஆவாகன்னு ஆபீஸுக்கு முன்னாடியே தெரியாதா? எல்லாரு பொறந்த தேதியும் அவிய கையிலதான இருக்கு? புதுசா ஒரு புள்ளய எடுக்கல, போனவரையே கான்ட்ராக்ட்ல கூப்புட்டாச்சு. சரி, அது அவிய பாடு.

என் பாட்டக் கேளு. நானும் கவர்மெண்டு ஆஸ்பத்திரி நர்ஸுதான? இன்னும் நாலு வருசம் சர்வீஸ் கெடந்துச்சு. ரிட்டயர் ஆவுறதுக்கு முன்ன இவருதான், நாராயணி, நான் வீட்ல ஒத்தையில கெடந்தா செத்துருவேன், எனக்கு யாரு காபி போட்டுத் தருவான்னு பச்சப்புள்ள மாதிரி அழுதாரு. நானும் கிறுக்கி, வாலண்டரி ரிட்டயர்மெண்ட் எழுதிக் குடுத்துட்டேன்.

ஆபீஸ்ல கெஞ்சிக் கூப்புட்டாகன்னுதான் ஏங்கிட்டச் சொன்னாரு. நீதான் போன வாரம் வாய் தவறி ஒளறிட்ட, தை மாசமே இவரே போயிக் கேட்டு வச்சாருன்னு. நான் எழுதிக் குடுத்தது மாசியில, இசக்கி! கெடைக்கும்னு அவருக்கு அப்பத் தெரியாதுல்லன்னு வக்காலத்து வாங்காத. கெடைக்கலன்னா காபிக்கு ஆளு வேணும்ல, அதுக்கு என்னைய எடுத்து வச்சிருக்காரு. பயப்படாத, ஒன் பேர இழுக்க மாட்டேன்.

என்னையும் திரும்ப எடுப்பியளான்னு எங்க ஆஸ்பத்திரியில போயிக் கேட்டேன். நீங்களாத்தான விட்டுட்டுப் போனீக, ஆகாதுன்னுட்டாக.

இந்தா, செருப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. இந்த வீட்டுச் சாவியப் பையில போட்டுக்கோ. சாயங்காலம் எறக்கி விடயில அவரு கையில குடுத்துரு. ராஜபாளையத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில என்னைய எடுத்துக்கிட்டாக, இன்னைக்கு மத்தியானம் டூட்டியில சேருதேன். திரும்பி வர ராத்திரி பத்தாயிரும். அவருக்கு இன்னும் தெரியாது. காபிப் பொடி மேல் தட்டுல இருக்குன்னு மட்டும் சொல்லிரு.