மதியப் பை

நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் குறைவு, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. மோசூலில் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி மருந்தறையில் அளந்து பழகியவன். எதிலும் அளவு பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த வார்டில் மூன்று பேர். மூவருக்கும் வெடிகுண்டுக் காயம், எலும்புக்குள் எந்த மருந்துக்கும் அசையாத கிருமி. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் சாகும். ஒன்று அதன் தோலைக் கிழிக்கும், மற்றது உள்ளே புகுந்து காரியத்தை முடிக்கும். நர்சுகள் முதலாவதை மாப்பிள்ளை என்பார்கள், இரண்டாவதைப் பெண். காலை, மதியம், இரவு என்று நாளைக்கு மூன்று கல்யாணம். ட்ரிப் பைகளில் மருந்தைக் கலந்து பெயர் எழுதி அனுப்புவது என் வேலை.

"அபூ லுக்மான், ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. பாதி அடி வாங்கின கிருமி பாடம் படிச்சுக்கும்," என்று டாக்டரம்மா ரஃபல் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகையால் தெரியாமல் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

பிறகு என் மகன் லுக்மான் கண்ணிவெடியில் மாட்டினான். காலில் அதே கிருமி. மாப்பிள்ளை மருந்து வேண்டிய அளவு இருந்தது. பெண் மூன்று பேருக்குத்தான். "அடுத்த லாரி வரட்டும், பத்து நாள்," என்றார் டாக்டர். அவர்மேல் கோபமில்லை. மகனுக்குப் பத்து நாள் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிப்போய் நானே மருந்து ஏற்றினேன்.

ஒருவருடைய மருந்தை முழுதாக எடுத்திருக்கலாம். யாருடையதை? கொத்தனார் நஷ்வானுடையதையா, டாக்ஸி ஓட்டிய கஹ்தானுடையதையா, வாத்தியார் ஹாஸிமுடையதையா? ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அது கொலை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. மூவரிடமும் ஒரு வேளை மட்டும் எடுத்தேன். மதியப் பையில் பெண்ணுக்குப் பதில் உப்புத் தண்ணீர். மிஞ்சிய மூன்று வேளை லுக்மானின் ஒரு நாளைக்குச் சரியாகப் போயிற்று.

நஷ்வானின் மனைவி வஜீஹா தினமும் மதியம் மருந்தறை ஜன்னலுக்கு வருவாள்.

"அபூ லுக்மான், பொண்ணு கெளம்பிட்டாளா?"

"கெளம்பிட்டாம்மா. மாப்பிள்ளை கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் போறா."

"இந்தக் கல்யாணமாவது நிலைக்கட்டும்," என்று சிரிப்பாள். ஒருநாள் இறைச்சி அடைத்த குப்பா உருண்டை செய்து கொண்டுவந்தாள். "உங்க கையாலதான் அவர் எழுந்திரிக்கணும்." சாப்பிட்டேன். இறைச்சி பதமாக வெந்திருந்தது.

ஆறாம் நாள் கஹ்தான் இறந்துபோனார். எட்டாம் நாள் ஹாஸிம். பத்தாம் நாள் லாரி வந்தது. அன்றிலிருந்து நஷ்வானுக்கு மூன்று வேளையும் முழுதாகக் கொடுத்தேன். கிருமி மதிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரும் போனார். வஜீஹா என் ஜன்னலுக்கு வந்து, என் உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

லுக்மான் இப்போது நடக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் ரஃபல் அழுதார். "ஒருத்தரோடதை எடுத்திருந்தாக்கூட மத்த ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்களே, அபூ லுக்மான்!" சின்னப் பெண், பாவம். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவருக்குப் புரியவில்லை. கொல்ல நினைத்திருந்தால் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பேன், ஐயா. நான் மூவரையும் சமமாகத்தான் நடத்தினேன்.