நெருங்கிப் பழகச் சொல்லி ஒரு சுற்றறிக்கை

— அவ்வளவு சீக்கிரம் முடியாது குந்துஸ், இன்னும் கேள்வி இருக்கு. "எங்கள் இணைய வகுப்பில் இருக்கும்போது சொந்த வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறீர்களா?"

— வீட்டுல இருக்கற மாதிரி இருக்கக் கூடாதுன்னுதானே எஜே நான் சேர்ந்ததே.

— அதை நான் எப்படிப் போடறது? ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் குடுத்திருக்காங்க.

— ஆமான்னே போட்டுக்கங்க. கொஞ்சம் சீக்கிரம் எஜே. மாமியார் கன்னுக்குட்டியப் பாக்கப் போயிருக்காங்க, எப்ப வேணா உள்ள வந்துடுவாங்க.

— மாமியார் கூடத்தான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. அடுத்த கேள்வி அதான். "உங்கள் படிப்புக்குக் குடும்பத்தில் அதிகம் ஊக்கம் தருபவர் யார்?"

— யாரும் இல்ல எஜே. யாருக்கும் தெரியாது.

— என்ன தெரியாது?

— நான் படிக்கறது.

— குந்துஸ், நீ உயிரியல்ல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சேம்மா.

— ஆமா எஜே. ஆறு மாசமாத் தெரியாது. வீட்டுக்காரர் மக்சாத்துக்கு மட்டும் தெரியும். அவர் ரஷ்யாவுல கட்டட வேலைல இருக்கார். "எங்கம்மாகிட்ட மட்டும் மாட்டிக்காத"ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டார். அவருக்கென்ன, அங்க இருக்கார்.

— அப்ப நான் இப்படி போன் பண்ணது...

— தூக்கிவாரிப் போட்டுச்சு எஜே. உங்க குரலக் கேட்டதும் கையில இருந்த மாவோட அப்படியே நின்னுட்டேன். என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? இத்தனை நாளா யாரும் கூப்பிட்டதே இல்லையே.

— அதாம்மா குத்தமாப் போச்சு. பாதிப் பேர் நடுவுலயே நின்னுடறாங்க. ஏன்னு விசாரிச்சா, வகுப்பு பனிக்கட்டி மாதிரி இருக்கு, தாமிரா எஜே கல்லு மாதிரி இருக்காங்கன்னு என்னப் பத்தி எழுதியிருக்காங்க. உடனே பிஷ்கேக் தலைமை ஆபீசுல கூட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டுட்டாங்க. ஆசிரியர் சிரிக்கணும், பேர் சொல்லிக் கூப்பிடணும், ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி குடும்பத்தை விசாரிக்கணும். எஜேன்னா அக்காதானே, அதனால கூடப் பொறந்த அக்கா மாதிரியே பழகணுமாம். எனக்குச் சிரிக்க வராதுன்னு சொன்னேன். அதுக்குப் பயிற்சி வகுப்பு வச்சாங்க.

— போன பாடத்துல பாத்தேன் எஜே. பயந்துட்டேன். உங்களுக்குப் பல்லு வலியோன்னு நெனச்சேன்.

— என் பையனும் அதான் சொன்னான்.

— நீங்க பழையபடி உம்முனே இருங்க எஜே. சத்தியமாச் சொல்றேன், எனக்கு அதுதான் பிடிச்சுது. வந்து நிப்பீங்க, "இங்க பாருங்க, இதயத்துக்கு நாலு அறை"ன்னு ஆரம்பிப்பீங்க. டீ எங்கன்னு கேக்கல, குழந்தை ஏன் அழுதுன்னு கேக்கல, ரொட்டி ஏன் கருகுச்சுன்னு கேக்கல. அந்த அரை மணி நேரம் நான் யாருக்கும் மருமக இல்ல. நெருக்கம் வேணும்னு யார் கேட்டா? ஒரு வீட்டுக்குள்ள எத்தனை நெருக்கத்தத்தான் தாங்கறது?

— இதை அப்படியே கூட்டத்துல வந்து சொல்றியா?

— நான் வாசல் தாண்டறதே கஷ்டம், நீங்க வேற.

— சரி, மத்ததையும் சொல்லிடறேன், திட்டாத. நல்ல மார்க் வாங்கினவங்க வீட்டுக்கு வாழ்த்து மடல் அனுப்பப் போறாங்க. "உங்கள் மருமகளால் பெருமை கொள்கிறோம்"னு. மாமனார் மாமியாரோட உக்கார்ந்து படம் எடுத்து அனுப்பணும். நீ உயிரியல்ல முதல் இடம்.

— எஜே, என் மார்க்கக் குறைச்சிடுங்க.

— என்னது?

— கொஞ்சமாக் குறைச்சாப் போதும். பாஸ் மட்டும் இருக்கட்டும். பக்கத்துத் தெருவுல தோல்கான்னு ஒருத்தி, நர்சு வேலைக்குப் படிக்கட்டுமான்னு நேராப் போய் மாமியார்கிட்டக் கேட்டா. பெரியப்பா, சித்தப்பா, நாத்தனார்னு எல்லாரும் வட்டமா உக்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாங்க. கடைசில அவ போனையே வாங்கிப் பெட்டில வச்சுட்டாங்க. அந்த மடல் மட்டும் எங்க வாசலுக்கு வந்துச்சு, என் கதையும் அவ்வளவுதான்.

— மார்க்கெல்லாம் குறைக்க முடியாது. மடல் வராமப் பாத்துக்கறேன், போதுமா? ஆனா பரிட்சை? அது நாரின் டவுன்ல, நேர்ல வந்துதான் எழுதணும். நீங்க இருக்கறது அத்பாஷி பக்கத்துல. எப்படி வருவ?

— அதான் எஜே தூக்கமே வரல. என்ன பொய் சொன்னாலும் நாள் முழுக்கத் தாங்காது. எங்க மாமியார் எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு பார்வை பாத்தா, வயித்துல இருக்கறது வாய்க்கு வந்துடும். பரிட்சை எழுதலன்னா இத்தனை மாசமும்... ஐயோ, கதவு. வந்துட்டாங்க. எஜே, நீங்க தடுப்பூசி போடற நர்சு, சரியா? குழந்தைக்கு ஊசி, மறந்துடாதீங்க.

— யாரு போன்ல?

— ஆஸ்பத்திரிலேருந்தும்மா. குழந்தைக்கு ஊசி போடணுமாம்.

— இங்க குடு.

— இல்லம்மா, பேசி முடிச்சாச்சு.

— குடுன்னா குடு. ஹலோ, யாரும்மா?

— வணக்கம்மா. நான் ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். பேரக் குழந்தைக்குத் தடுப்பூசி விஷயமா...

— என்ன ஊசி?

— அது... தட்டம்மை ஊசி.

— ஓ. குந்துஸ், கன்னுக்குட்டி கயித்த அவுத்துக்கிட்டு வைக்கோல் பக்கம் போயிடுச்சு. போய்க் கட்டிட்டு வா. தண்ணியும் வச்சுட்டு வா.

— இப்பவாம்மா?

— பின்ன, கன்னுக்குட்டி சொல்லிட்டா போகும்? போ. கதவச் சாத்திட்டுப் போ, காத்து வருது. ம். போயிட்டா. இப்பப் பேசலாம் டீச்சர்.

— நீங்க என்ன வேற யாரோன்னு நெனச்சு...

— மகளே, தட்டம்மை ஊசி போன மாசமே போட்டாச்சு. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? "இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு ஆறு மாசமாக் கேக்கறேன்.

— எங்கேருந்து கேக்கறீங்க?

— ராத்திரி படுக்கைலேருந்துதான். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு மண் சுவரு. அவ போன அந்தப் பக்கம் சாத்தி வச்சுக் கேப்பா, நான் இந்தப் பக்கம் காதச் சாத்தி வச்சுப்பேன். கேளு, உங்கிட்ட ஒரு சண்டை இருக்கு. இங்க பாருங்கன்னு சொல்றியே, எங்க பாக்கறது? அங்க என்னதான் இருக்கு? நான் சுவரத்தான பாக்கறேன்.

— படம் இருக்கும்மா. அம்பு போட்டுக் காட்டுவேன்.

— காட்டறது சரி, என்ன காட்டறேன்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? "ரத்தம் இதிலேருந்து இதுக்குப் போகுது, பாருங்க"ன்னுட்டுப் பேசாம இருந்துட்ட. எதிலேருந்து எதுக்கு? ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். அப்புறம் ஆடு அறுத்த அன்னிக்கு இதயத்த எடுத்து ரெண்டாப் பொளந்து வச்சு, நீ சொன்னத ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் சுவரு தடிப்பா இருக்கு. அது ஏன்?

— அது இடது பக்கம்மா. வலது பக்கத்துக்கு நுரையீரல் வரைக்கும் தள்ளினாப் போதும். இடது பக்கம்தான் தலையிலேருந்து கால் விரல் வரைக்கும் தள்ளணும். வேலை அதிகம், அதனால தசை அதிகம்.

— ம். வேலை செய்யறவன் தடிக்கறான். எங்க வீட்டுல தலைகீழ். சரி, இன்னொண்ணு. வால்வுன்னியே.

— சொல்லுங்கம்மா.

— எங்க வீட்டுக்காரர் போனப்ப டாக்டர் அந்த வார்த்தையத்தான் சொன்னார். வால்வு கெட்டுப்போச்சுன்னு. தண்ணிக் குழாயப் பத்திச் சொல்றார்னு நெனச்சேன். திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? என் பேரச் சொல்லி, இந்த உருல்கான் தினம் கொழுப்பா வறுத்துப் போட்டே புருஷன மேல அனுப்பிட்டாளாம். என் நாத்தனாரு என் முகத்துக்கு நேராவே சொன்னா. நானும் அதுக்கப்புறம் குர்தாக் கறி வறுக்கறதையே விட்டுட்டேன். நீ அந்தப் பாடத்துல சொன்ன, சின்ன வயசுல தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வலிச்சு, அது வால்வையும் கடிச்சுட்டுப் போயிடும்னு. அவருக்குச் சின்னப் பையனா இருக்கும்போது அப்படி வந்துச்சுன்னு எங்க மாமியார் சொல்லியிருக்காங்க. குளிர்காலம் பூரா நடக்க முடியலயாம்.

— அப்படின்னா அதுவாத்தான் இருக்கும்மா. நேர்ல பாக்காம உறுதியாச் சொல்லக் கூடாது. ஆனா வறுத்த கறிக்கும் அந்த வால்வுக்கும் சம்பந்தம் இல்ல.

— இத ஒருதரம் சத்தமாச் சொல்லு.

— சம்பந்தமே இல்லம்மா.

— ம். நல்லா இருக்கு கேக்க.

— அம்மா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் குந்துஸ்கிட்ட ஒண்ணும் சொல்லல? பாவம், உங்களுக்குப் பயந்து செத்துக்கிட்டிருக்கா.

— சொன்னா என்ன பண்ணுவா? வந்து நின்னு அனுமதி கேப்பா. கேட்டுட்டா நான் மாமியாரா பதில் சொல்லணும். மச்சினன் வருவான், நாத்தனாரு வருவா, டீ ஊத்தி உக்கார வச்சு யோசனை கேக்கணும். அந்தத் தோல்கான் வீட்டுல நானும்தான் வட்டத்துல உக்கார்ந்திருந்தேன். வாயத் தொறக்கல. எனக்குத் தெரியாதவரைக்கும் அவ நல்லாப் படிக்கறா. விடு.

— பரிட்சை?

— என்னிக்கு?

— வர்ற மாசம் ரெண்டாவது செவ்வாய்.

— அன்னிக்கு எனக்குக் கண்ணு மங்கும். நாரின்ல கண் டாக்டர்கிட்டப் போகணும். வயசானவ, தனியா எப்படிப் போவேன்? மருமகதான் துணை. நான் அங்க நாள் முழுக்க வரிசைல உக்கார்ந்துப்பேன், அவ எங்கயோ கடைக்குப் போறா, எனக்கென்ன தெரியும். மருமகளுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. போச்சுன்னா உன்னையும் விட மாட்டேன்.

— போகாதும்மா.

— அப்புறம், அடுத்த பாடம் கண்ணுன்னியே. படத்தக் காட்டினா போதாது, வாயால சொல்லு. சிரிக்கறேன்னு நடுவுல நிறுத்தாத, பாடம் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. வர்றா. ஆமாம்மா, தெரியும், தெரியும், ஊசி, ஊசி, வேற வேலையே இல்லையா உங்களுக்கு? இந்தா குந்துஸ், பிடி. தொணதொணன்னு உயிர எடுக்கறா. பேசி அனுப்பு. நான் கொட்டிலுக்குப் போறேன்.

— எஜே, இருக்கீங்களா? என்ன கேட்டாங்க?

— ஊசி பத்தித்தான். நல்லவங்களாத்தான் தெரியறாங்க குந்துஸ்.

— உங்களுக்குப் போன்ல அப்படித் தெரியும். இப்ப என்னப் பாத்த பார்வைய நீங்க பாக்கணும். ஏதோ சந்தேகம் வந்துடுச்சு எஜே, எனக்குத் தெரியும். நேத்துகூடக் காலைல, "ராத்திரி யாரோட பேசற"ன்னு ஒரு மாதிரியாக் கேட்டாங்க.

— அது சும்மா கேட்டிருப்பாங்க.

— சும்மாக் கேக்கறவங்க இல்ல எஜே அவங்க. ஆனா இனிமே கவலை இல்ல. மக்சாத் ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்டக் குடுத்தனுப்பியிருக்கார், காதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கேக்கறது. இன்னிலேருந்து உங்க குரல் என் காதைத் தாண்டிப் பக்கத்துச் சுவருக்குக்கூடக் கேக்காது.