விழுந்த சீட்டு

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, மேடம்? காற்று நேராகப் பட்டால் எனக்குத் தும்மல் வந்துவிடும். அதனால்தான் எங்கள் அலுவலகத்திலும் ரெகுலேட்டருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் என்னுடையது.

திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறோம். எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறம், எத்தனை தடவை தொட வேண்டும், அதுதான் தொழில். புது வேலை வந்தால் கூடி யோசிப்போம். ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. பேசாமல், பெயர் போடாமல் எழுத வேண்டும். குழுத்தலைவன் நான், வாங்கிச் சுவரில் ஒட்டுவேன். எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்து பிடித்த சீட்டில் பொட்டு வைப்பார்கள். நிஜமான ஸ்டிக்கர் பொட்டுதான்; மணிமேகலை வீட்டிலிருந்து கொண்டுவருவாள். அதிகப் பொட்டு வாங்கிய யோசனை ஜெயிக்கும்.

ஏசி கிடையாது, சீட்டுகள் பறக்கும். ஆனந்தராஜ் ஒரு நாள் விளையாட்டாகச் சட்டம் போட்டான்: "கீழ விழுந்த சீட்டு அவுட்டு. காத்துக்கே பிடிக்கல, கஸ்டமருக்கு எங்கிட்டு பிடிக்கப்போவுது?" சிரித்தோம். அன்றிலிருந்து அதுவே வழக்கம்.

போன ஆடியில் மீனவர்களுக்கான செயலி வந்தது. கடலில் ஆபத்தென்றால் கரைக்குத் தகவல் அனுப்ப ஓர் 'உதவி' பொத்தான். கை தவறிப் பட்டு வீண் அழைப்பு வரக் கூடாது என்றார்கள். நான் முன்பே பதினோரு திரை வரைந்து வைத்திருந்தேன். தொட்டதும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். பிறகு ஒரு சிவப்பு வட்டத்தை விரலால் வலப்பக்கம் இழுக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு.

எங்கள் ஐந்து பேரில் ஹுமா மணமேல்குடிப் பெண். அவள் வாப்பா அப்துல் நாசர் கடலுக்குப் போகிறவர். அவள் சீட்டில் இரண்டே வரி: 'ஈரக்கையால் திரையை இழுக்க முடியாது. போனின் பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அமுக்கினால் போதும் என்று வைக்கலாம்.'

படித்ததுமே தெரிந்துவிட்டது, அதுதான் சரி. ஐந்து பொட்டும் அதற்குத்தான் விழும். நானே வைத்திருப்பேன்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், சீட்டு எம்மாத்திரம் என்று போன வாரம் உங்கள் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தேனே, அது பொய்யில்லை. சில விவரங்கள் விட்டுப்போயின. அவர்கள் டீ குடிக்க இறங்கியதும், கேரம் பலகையிலிருந்து கொஞ்சம் பவுடர் எடுத்து அந்தச் சீட்டின் பசையில் தடவினேன். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தேன். இரண்டு தும்மலும் போட்டேன்.

ஹுமா தரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, இது முக்கியம்ணே. திரும்ப ஒட்டிக்கிறேனே?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா," என்று கையை நீட்டினேன்.

"காத்து ஒன் கட்சி இல்ல ஹுமா, விடு," என்று ஆனந்தராஜ் சீண்டினான். அவளும் சிரித்துக்கொண்டே சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். நல்ல பெண்.

என் வட்டம் ஜெயித்தது, செயலியும் மீனவர்கள் கைக்குப் போனது. ஐப்பசியில் அவள் வாப்பாவின் படகு கவிழ்ந்தது. கரையிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். சிக்னல் நன்றாகவே இருந்திருக்கிறது. எங்கள் கணினியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது முறை 'உதவி'யைத் தொட்டிருக்கிறார். பத்தொன்பது முறையும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டிருக்கிறது. வட்டம் ஒரு தடவைகூட வலப்பக்கம் போய்ச் சேரவில்லை. அவர் மறுநாள் கரை சேர்ந்தார், உயிரில்லாமல். இவ்வளவு துல்லியமான தகவல் எங்களுக்கு யாரிடமிருந்தும் இதுவரை கிடைத்ததில்லை.

சீட்டை நான் தூக்கிப் போடவில்லை. இதோ, பின்பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பாருங்கள். அடுத்த பதிப்புக்கு இதையே வரைந்துவிட்டேன். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. முதல் திரையில் அவள் வாப்பாவின் நினைவாக என்று போட்டிருக்கிறேன். யோசனை என்ற இடத்தில் மட்டும் என் பெயர். சீட்டில்தான் யார் பெயரும் இல்லையே. ஹுமாவிடம் இன்னும் காட்டவில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவாள்.