இறக்கத்தில் மூச்சு வாங்கியவன்

மாலை ஆறே முக்கால். மேடும் பள்ளமுமாகக் காட்டுக்குள் போகிற ஒரு சரளைப் பாதை. இரண்டு பக்கமும் மரம். மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. அந்தப் பாதையில் இரண்டே இரண்டு சைக்கிள். முன்னால் ஒன்று... பின்னால் ஒன்று.

பின்னால் போனவன் என் நண்பனின் மச்சினன், அவன் மனைவியின் தம்பி. நண்பன் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

மச்சினனுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. பெட்டி அடுக்குவது. நானும் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஓடி வந்தவன்தான். வெயில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும். அவனால் ஓட முடியாது. அதற்கு முன் கிடைத்த வேலை ஒவ்வொன்றையும் தொலைத்துவிட்டு, அக்கா வீட்டில் வந்து ஒண்டியிருந்தான். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் நண்பன் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவன். "மச்சான், இந்த வேலையும் போச்சுன்னா பெட்டிய கட்டிடு. உங்கக்கா அழுதாலும் சரி, உருண்டாலும் சரி" என்று சொல்லிவிட்டான். கிடங்கு மேற்பார்வையாளரும் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று. அன்றைக்கு ஒன்பது மணிக்கு வேலை.

அப்புறம் எதற்குக் காட்டில் சைக்கிள் என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு பகலாவது தூங்காமல் வெளிச்சத்தைப் பார்த்தே தீருவேன் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வாரம் ஒரு தரம் ஒரு கூட்டத்தை வேனில் ஏற்றிக் காட்டுக்குக் கூட்டிப் போவார். தார்ச்சாலையே கிடையாது, முழுக்கச் சரளை. மச்சினனிடம் சொந்தமாகச் சைக்கிள் இல்லை. கடைச் சைக்கிள் ஒன்றை அவர் சும்மா கொடுப்பார். பதிலுக்கு அவன் வாலாக வர வேண்டும்.

வால் என்றால் எல்லாருக்கும் கடைசியில் போகிறவன். முன்னால் போகிறவன் பஞ்சர் ஒட்டினால் வால் நிற்க வேண்டும். அவன் ஒன்றுக்குப் போனால் வால் வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முந்த மட்டும் கூடாது. முந்தினால் ஒருவன் காட்டிலேயே விட்டுப்போவான்.

அன்று மழையில் ஒதுங்கியதில் எல்லாமே தாமதம். கூட்டம் முன்னால் போய்விட்டது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இவனுக்கு முன்னால் மினுக்கிக்கொண்டு போனது. யாரோ கடைசி ஆள் என்று இவனும் பின்னாலேயே போனான்.

ஒரு இறக்கம் வந்தது. கால் வைக்காமலே பறக்கலாம், அப்படி ஒரு இறக்கம். முன்னால் போனவன் சைக்கிளை விட்டு இறங்கினான். தள்ளிக்கொண்டு நடந்தான்.

இறக்கத்தில்... தள்ளிக்கொண்டு.

இவன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஊர்ந்தான். கை வலி எடுத்தது. "என்னங்க, ஏறி உக்காந்தா அதுவே போயிடுமே" என்றான். மூச்சு மட்டும்தான் கேட்டது. ஹா... ஹா... என்று, மூட்டை சுமக்கிறவனின் மூச்சு. திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, பொறு பொறு என்று அசைத்தான்.

"பொறுக்கறதா? எனக்கு ஒம்பது மணிக்கு வேலைய்யா!"

மறுபடியும் அதே கை. பொறு.

இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கியது. இனி இவன் விடிந்துதான் மேலே போவான் என்று மச்சினன் நினைத்தான். முன்னால் போனவன் ஏறி உட்கார்ந்தான். அவ்வளவுதான். சர்ரென்று மேலே போனான். பெடல் சுற்றவே இல்லை. பின்சக்கரத்தில் டிக் டிக் டிக் டிக் என்று சத்தம்... சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், காலை அசைக்காமல் உருளும்போதுதான் அந்தச் சத்தம் வரும். அது மேட்டில் மேல்நோக்கிக் கேட்டது. கூடவே ஒரு நாற்றம். பிரேக் கட்டை சூடேறித் தேய்கிற ரப்பர் நாற்றம்.

"மோட்டார் வெச்ச சைக்கிளா இருக்கும்" என்று இப்போது யார் சொன்னது? நீதானே? அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான். பயம் வரவில்லை அவனுக்கு. எரிச்சல்தான் வந்தது. மேட்டில் நாக்குத் தள்ள மிதித்து உச்சிக்குப் போனால், அங்கே அந்த ஆள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறான். அடுத்த இறக்கத்துக்குத் தயாராக. தள்ளுவதற்கு.

இப்படியே மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ஏற்றத்தில் பிடிக்க முடியாது. இறக்கத்தில் முந்தக் கூடாது. இருட்டிவிட்டது. மச்சினன் அந்த ஆளையும், அவனைப் பெற்றவர்களையும், கடைக்காரரையும், கிடங்கையும், என் நண்பனையும் வரிசையாகத் திட்டி முடித்தான். திட்ட ஆள் தீர்ந்துபோனதும் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஒரு மேட்டு உச்சியில் போன் அடித்தது. கடைக்காரர்.

"டேய் வாலு, எங்கடா இருக்க? எல்லாரும் வண்டியில ஏறியாச்சு."

"கடைசி ஆளு இன்னும் என் முன்னாடிதான் போறாருண்ணே. உயிர வாங்குறாரு."

"எல்லாரும் வந்துட்டாங்கடா. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"அப்ப இது யாருண்ணே?"

"எவனோ வழிப்போக்கன். விட்டுட்டு வா. உனக்கு வேலைக்குப் போக வேணாமா?"

இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஆள் கூட்டத்தில் இல்லை, அதனால் முந்தலாம். இனி ஒரே ஒரு நீள இறக்கம்தான். அடிவாரத்தில் வண்டி நிற்கிறது. இப்போது விட்டால்கூட ஒன்பதுக்குள் கிடங்குக்குப் போய்விடலாம்.

பிரேக்கை விட்டான். காற்று காதில் அடித்தது. தள்ளிக்கொண்டு போனவனை ஒட்டி உரசாத குறையாகத் தாண்டினான். தாண்டுகிற நொடியில் அந்த மூச்சு நின்றது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"அப்பாடா..."

வேறு ஒன்றும் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவனின் குரல்.

கொஞ்ச தூரம் போனான். சைக்கிள் தளர்ந்தது. மிதித்தான். எழுந்து நின்று மிதித்தான். நகரவில்லை. பஞ்சர் என்று நினைத்து இறங்கி டயரை அமுக்கினான். கல் மாதிரி இருந்தது. பிரேக் ஒட்டுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். தங்கு தடையில்லாமல் சுற்றியது. கீழே வைத்துக் கையை எடுத்தான்.

சைக்கிள் பின்னால் உருண்டது. மேலே... வந்த வழியே.

ஓடிப்போய்ப் பிடித்தான். விளக்கை அடித்துப் பாதையைப் பார்த்தான். மழைத் தண்ணீர் கீழே அடிவாரத்தைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கமேதான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தான்.

அடிவாரத்தில் நின்றவர்கள் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வருகிறது, வருகிறது, வந்து சேரவில்லை. மணி ஒன்பது தாண்டிவிட்டது. பொறுக்க முடியாமல் கடைக்காரர் மேலே ஏறிப் போனார். மச்சினன் உடம்பை முன்னால் சாய்த்து, குதிகால் மண்ணில் படாமல், பாரவண்டி தள்ளுகிறவன் மாதிரி வந்துகொண்டிருந்தான். பின்னால் யாரும் இல்லை.

"அண்ணே, ஒரு கை குடுங்கண்ணே. இந்த ஏத்தம் முடியவே மாட்டேங்குது."

"டேய்... இது இறக்கம்டா."

அவன் கையை நீட்டி அசைத்தானாம். பொறு, பொறு என்று.

வேலை போய்விட்டது. காரணத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுக் கீழ்வாசல் வரைக்கும் கடைக்காரர் கொண்டுவந்து விட்டார். மேலே என் நண்பன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றான். படியில் தடதடவென்று சத்தம். மச்சினன் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, செருப்புத் தேயத் தேய மேலே வந்தான். வந்தவன் நிற்கவில்லை. "மாமா, பிடிங்க... பிடிங்க மாமா!" என்று கத்திக்கொண்டே வீட்டு வாசலைத் தாண்டி இன்னும் மேலே போய்விட்டான். மொட்டை மாடித் தகரக் கதவில் மோதித்தான் நின்றான்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும் என்றார். சமதரையில் அவன் நம்மைப் போலத்தான் நடக்கிறான். படிதான் ஆகாது. ஒரு தடவை கீழே அழைத்துப் போகப் பார்த்தார்கள். இரண்டாவது மாடி வருவதற்குள் முகம் நீலமாகிவிட்டது.

"சொன்ன மாதிரி வெளிய அனுப்பிட வேண்டியதுதான்டா" என்றான் நண்பன் என்னிடம். "ஆனா எப்படி எறங்குவான்? நீயே சொல்லு. எனக்கும் அவ தம்பிக்கும் இந்த ஜென்மத்துல விடிவே இல்ல."

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சினன் சுவர் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிகரெட் பிடிக்க மொட்டை மாடிக்குப் போகலாம் என்று படியேறினேன். கதவில் பெரிய பூட்டு. அக்கா போட்டது.

தகரத்தில் அவன் மோதிய பள்ளம் இருந்தது, தோள் உயரத்தில். அது ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தேன். அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே, நிலைக்குப் பக்கத்தில், நான் எம்பினாலும் கை எட்டாத உயரத்தில்... புதிதாக ஒன்று.