கார்பன் பிரஷ் காத்த கரங்களுக்கு: லோர்னா ஹால்டர்சன் அவர்களுக்கு லூன்ஸ்டோன் அருவித் தோழர்களின் மடல்

கரித்தூள் படிந்த கைகளும் கறை படியாத மனமும் கொண்ட கண்ணியமே! சுழலும் வளையத்தின் சூட்டைச் சுண்டுவிரல் தொடாமலே சொல்லிவிடும் சூட்சுமமே! லூன்ஸ்டோன் அருவி நீர்மின் நிலையத்தின் மின்பணிப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் முனைந்து உழைத்து, முழங்கால் முனகியும் முகம் முனகாத முதல்வியே! (திங்கட்கிழமைக் காலைகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.) எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருங்கே உரியவராய், இப்போது பணி ஓய்வு பெறும் லோர்னா ஹால்டர்சன் அவர்களே! வணக்கம்.

ஆறு அருவியாகி விழுகிறது, விழுந்த நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. இவ்வளவும் பார்க்கப் பெரிதாக இருக்கும்; சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் சுழலும் வளையத்தின்மேல் உட்கார்ந்து, தன்னைத் தேய்த்துக்கொண்டே மின்சாரத்தை உள்ளே அனுப்பும் விரல் நீளக் கரிக்கட்டியை எவரும் படம் எடுப்பதில்லை. அந்தக் கார்பன் பிரஷ்ஷை உரிய நாளில் மாற்றி, அதைத் தாங்கும் ஹோல்டரைத் துடைத்து, ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளந்து, வளையத்தின் வளைவுக்குத் தக்கபடி உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தி, இந்த ஊரின் விளக்குகளை எரியவைத்தவர் நீங்கள். வளையத்தின்மேல் படியும் பழுப்பு நிறப் படலத்தை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கப்போன நம் தோழர் ஆர்னியின் கையில் நீங்கள் போட்ட போடு, அடுத்த அறையில் இருந்த எங்களுக்கும் வலித்தது. "அது அழுக்கு இல்லடா, அதுதான் வளையத்துக்குத் தோல். உன் தோலை உரிச்சா சும்மா இருப்பியா?" என்றீர்கள். ஆர்னி அதற்குப் பிறகு தன் காரைக்கூடப் பயந்து பயந்துதான் கழுவுகிறார்.

உங்கள் கண்டிப்பைப் பாட வந்தால் ஏடு கொள்ளாது. எல்லாவற்றிலும் பெரிய கண்டிப்பு சிலிக்கோன் விஷயம். சிலிக்கோன் ஆவி பட்ட பிரஷ், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போல உதிர்ந்துவிடும் என்பதால், அது கலந்த எதுவும் ஜெனரேட்டர் கூடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் சட்டம். பனிக்காலத்தில் கை வெடித்துக் களிம்பு பூசிவந்த டெல்பர்ட் ஸ்பென்ஸை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவவைத்தீர்கள். "என் அம்மாகூட என்னை இப்படிக் கழுவினதில்ல" என்று அவர் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் மூன்றாம் முறையும் கழுவவைத்தீர்கள்.

சான்றோர் அவையில் சாதனைகளைச் சொல்வதே சம்பிரதாயம். நாங்கள் உங்கள் பிழை ஒன்றைச் சொல்லப்போகிறோம். முகத்தைச் சுளிக்காதீர்கள் லோர்னா, இம்மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் போகிறோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி. முதல் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தோம். ஊர் முழுவதும் இரண்டாவதை நம்பியிருந்தது. வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும் குளிர். அப்போது இரண்டாவதின் பிரஷ்கள் தேயத் தொடங்கின. ஓராண்டு வரவேண்டியவை ஒரு வாரத்தில் பாதியாயின. வளையத்தில் பொறி பறந்தது. அந்தத் தொகுதியை இலையுதிர் காலத்தில் மாற்றியவர் டெல்பர்ட். அவர் வேலைக்கு வந்து ஓராண்டு நிறையவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. மேலாளர் அப்ராம் டைக் அவர்கள் உடைந்த பிரஷ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வேற வேற ரகத்தைக் கலந்து போட்டியா?"

"இல்லைங்க. எல்லாம் ஒரே பெட்டிதான்."

"அப்புறம் பிரஷ்ஷை என்ன எலியா தின்னுது?"

டெல்பர்ட் குனிந்து, கீழே உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கினார். வேலை போனால் நிலையத்து வீடும் போகும். அந்த வீட்டில் அவர் மனைவி டானிஸும், பிறந்து மூன்று வாரமான இரட்டைக் குழந்தைகளும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போகும் என்று டைக் சொல்லிவிட்டார். அந்த வாரம் டெல்பர்ட் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை.

நீங்களோ ஒவ்வொரு ஹோல்டராகப் பார்த்தீர்கள். பிரஷ் சிக்காமல் வழுக்கிப் போகிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, செம்புக் கம்பி கருகியிருக்கிறதா என்று பார்த்தீர்கள். குறை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மதியம், வளையத்தையும் பிரஷ்களையும் மூடியிருக்கும் கூண்டுக்குள் விளக்கோடு குனிந்திருந்தவர் தலையை வெளியே நீட்டி, "ஆர்னி, திரும்பவும் வறுவல்ல வினிகரை ஊத்திக்கிட்டு இங்க வந்து தின்னியா?" என்று கத்தினீர்கள்.

"நான் இன்னைக்கு சூப்பு!" என்றார் ஆர்னி.

மெல்ல எழுந்து, கூண்டுக் கதவின் ஓரத்தைத் தடவினீர்கள். புத்தாண்டு முடிந்த கையோடு, உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் குளிர் காற்று அடிக்கிறதே என்று இரக்கப்பட்டு, அந்த இடுக்குகளை ஒரு குழாய்ப் பசையால் அடைத்தவர் நீங்கள்தான். கடையில் அவசரமாக எடுத்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. காயும்போது வினிகர் மணக்கும் சிலிக்கோன் பசை அது! எங்கள் கைக் களிம்புக்குக் காவல் நின்றவர், கதவு முழுவதும் அதையே பூசிவைத்திருந்தீர்கள்.

ஒரு சுரண்டியும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும், அதை எடுத்து எறிந்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் டைக்கைக் கீழே கூப்பிட்டீர்கள், எங்கள் எல்லோரையும் கூப்பிட்டீர்கள், டெல்பர்ட்டை முன்னால் நிறுத்தினீர்கள்.

"அப்ராம், இவன் வேலை சுத்தம். பிரஷ்ஷைத் தின்ன எலி நான்தான்."

டைக் பசையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லோர்னா, சூப்பர்வைசர் பதவிக்கு உன் பேரைப் போன வாரம்தானே எழுதி அனுப்பினேன். இது நமக்குள்ள இருக்கட்டுமே. கடிதத்தை நான் போடாம விட்டுடறேன்."

"போடாம விட்டா இவன் மேல சந்தேகம் அப்படியே நிக்கும். போடு. என் பேரைப் போட்டுப் போடு."

டெல்பர்ட் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணீர் மல்கினார் என்று எழுதத்தான் எங்களுக்கும் ஆசை. நடந்தது அதுவல்லவே! "கைக்குக் களிம்பு போட்டதுக்கு என்னை மூணு தரம் கழுவ வெச்சீங்களே!" என்று அவர் கத்திய கத்தலில் கூடமே அதிர்ந்தது. "ஒரு வாரமா வீட்டுல சாமானைக் கட்டி வெச்சிருக்கோம், தெரியுமா உங்களுக்கு?" நீங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டீர்கள். கத்தி முடித்ததும் அவர் போய்ப் புதுப் பிரஷ் பெட்டியை எடுத்துவந்தார். பசையைச் சுரண்டி, ஆவியை வெளியேற்றி, ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே, ரப்பர் விரிப்பின்மேல் நின்று, ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு, நீங்கள் இருவரும் அதைச் சரிசெய்தீர்கள். ஊரில் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை.

மேற்பார்வையாளர் பதவி தெற்கிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. அது உங்களுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று புகழ்ந்து பொய் சொல்ல மாட்டோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் கைமணமான ஐஸ்லாந்து அடுக்கு கேக் வரவில்லை. கேட்கவும் எங்களுக்குத் துணிவில்லை. மறு ஆண்டு வந்தது, இரண்டு மடங்காக வந்தது.

போன மாதக் காலைக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வந்திறங்கிய பிரஷ் பெட்டிகள் அனைத்தும் நம் வளையத்துக்கு ஒவ்வாத ரகம். யார் வரவழைத்தது என்ற பேச்சு எழுவதற்குள் டைக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "நான்தான்ப்பா. ரக எண்ணை மாத்தி எழுதிட்டேன். திட்டுறவங்க இப்பவே திட்டிடுங்க." நாங்கள் திட்டினோம், வயிறு வலிக்கச் சிரித்தோம், மாலைக்குள் பெட்டிகள் திரும்பிப் போயின. பழைய டைக் என்றால் அந்தப் பெட்டிகள் அவசரத்துக்கு வளையத்தில் ஏறியிருக்கும். இப்போது இங்கே பிழை செய்தவர் வாய் திறக்கிறார், மற்றவர் பிழைத்துக்கொள்கிறார். இதைவிடப் பெரிய பழுதுபார்ப்பை இந்த நிலையம் கண்டதில்லை.

ஆகவே, அடக்கமும் அதட்டலும் அளவறிந்து ஆண்ட அன்பரே! ஏரிக்கரை வீட்டில் உங்கள் தூண்டிலுக்கு மீன்கள் தாமே வரிசையில் நிற்கட்டும்! முழங்கால்கள் இளமைக்குத் திரும்பட்டும்! கண்ணும் கையும் காதும் நெடுங்காலம் கூர்மை குன்றாதிருக்கட்டும்! நீங்கள் விரும்பிய நேரம் எழுந்து, விரும்பிய நேரம் எங்களை வந்து திட்டிவிட்டுப் போகும் உரிமை என்றென்றும் உங்களுக்கு உண்டு.

திங்கள் முதல் உங்கள் இடத்தில் நின்று பிரஷ்களைப் பார்க்கப்போகிறவர் டெல்பர்ட். இம்மடலில் முதல் கையெழுத்து யாருடையது என்று பேச்சு வந்தபோது, மேலாளருடையதுதானே முறை என்றோம். டைக் பேனாவை டெல்பர்ட்டிடம் நீட்டினார். டெல்பர்ட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பசங்க ரெண்டு பேரும் இந்த வருஷம் இங்கதான் பள்ளிக்கூடம் சேர்றாங்க" என்றார். "அதையும் எழுதுங்க." எழுதிவிட்டோம்.

இவண்,
டெல்பர்ட் ஸ்பென்ஸ், டானிஸ், குழந்தைகள் இருவர்;
அப்ராம் டைக், ஆர்னி மற்றும் லூன்ஸ்டோன் அருவி நீர்மின் நிலையப் பணியாளர்கள் அனைவரும்