மிங்கின் அம்மா, எங்கள் வான்மதி

மேடையில் வீற்றிருக்கும் தமிழ்ச் சங்கப் பெரியோர்களே, பிளெய்ன்ஸ்பரோ தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, பெற்றோர்களே, நண்பர் திருமூர்த்தி அவர்களே, அவர் மகள் மிங்கே!

ஆசிரியை வான்மதி அம்மையார் இன்று நம்மிடையே இல்லை. இந்தப் பள்ளியின் தலைவராக இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமூர்த்தியும் வான்மதியும் சீனாவின் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுத்து இங்கே அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார்கள். உடுத்தியிருந்த சட்டையும் மிங் என்ற பெயரும் தவிர அதனிடம் வேறென்ன இருந்தது? கோவையிலிருந்து வந்திருந்த திருமூர்த்தியின் அக்கா வசந்தாமணி, "வாயில நுழையற மாதிரி நம்ம பேரு ஒண்ணு வெச்சுடலாமே, வானு" என்றார்.

"அண்ணி, அது அவகூட வந்த பேரு. அதை நான் எப்படி எடுக்கறது?" என்றார் வான்மதி.

எடுக்கவில்லை. ஆனால் ஏழு வயதில் அந்தக் குழந்தையே கேட்டது! நம் பள்ளியில் ஒரு பையன், "யூ ஆர் நாட் தமிழ்" என்று சொல்லிவிட்டான். காரில் ஏறியதும் மிங் அழுதாள்.

"அம்மா, சேஞ்ச் மை நேம். கால் மீ வள்ளி."

"மாத்தலாம்டா கண்ணா. முதல்ல உன் பேருக்கு என்ன அர்த்தம்னு பார்த்துடலாம், வா."

கீழ்வீட்டில் இருந்த சீனப் பெண்மணியிடம் போனார்கள். அவர் எழுதிக் காட்டினார்: 明. இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. சேர்ந்தால் ஒளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆசையாக வைக்கிற பெயர் என்றாராம். மிங் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மதின்னா மூன்தானே? அம்மா, யூ ஆர் இன் மை நேம்!"

இதை எனக்குச் சொன்னவர் திருமூர்த்தி.

அடுத்த ஞாயிறு, வகுப்புப் பலகையில் மிங்கே அந்த எழுத்தை எழுதினாள். "உங்க பேருக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்று மற்றவர்களைக் கேட்டார் வான்மதி. ஓவியா விழித்தாள், ஆதர்ஷ் விழித்தான். வீட்டில் கேட்டு வரச் சொன்னார். அன்றுமுதல் ஆண்டுதோறும் நம் பள்ளி திறந்ததும் முதல் பாடம் இந்தப் பெயர் வகுப்புதான். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வந்து கேட்டபோது, அந்தப் பெயரை ஏன் வைத்தோம் என்று உட்கார்ந்து சொன்னீர்களே, அந்த மாலையை மறக்க முடியுமா?

நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. அந்த வகுப்பை யார் எடுப்பது? ஆசிரியர்கள் நாங்கள் கூடிப் பேசினோம். அப்போது, ஹைஸ்கூல் படிக்கும் மிங் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அம்மா கிளாஸ் நான் எடுக்கறேன். தமிழ் தப்பா வந்தா பக்கத்துல நிப்பீங்களா?"

நிற்பேன், மகளே! இந்த அவையின் முன் வாக்குத் தருகிறேன்: நாங்கள் எல்லோரும் நிற்போம். நீ தைரியமாகத் தொடங்கம்மா!